தூணுக்குப் பின்னால் ஒரு நாற்காலி

கடவுள் இல்லை என்று மேடையில் சொல்வதற்கு முன்னால், மைக்கை மூன்று தட்டுத் தட்டாவிட்டால் நக்கலுக்கு நாக்கே எழும்பாது. சட்டையும் அதே கட்டம் போட்ட நீலச் சட்டையாக இருக்க வேண்டும். முதன்முதலாகக் கைதட்டல் வாங்கித் தந்த சட்டை அது. காலர் நைந்து, அக்குளில் தையல் விட்டு, அம்மாவின் சிநேகிதி தையல்காரம்மாவிடம் போய்ப் போய் ஒட்டுப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. இதெல்லாம் மூடநம்பிக்கை இல்லையா என்று யாராவது கேட்டால், இது வெறும் பழக்கம் என்பான். அதுவும் சரிதான். நாம் செய்தால் பழக்கம், பக்கத்து வீட்டுக்காரன் செய்தால் மூடநம்பிக்கை. உலகம் அப்படித்தான் ஓடுகிறது.

பெற்றவர்கள் வைத்த பெயர் என்று ஒன்று அவனுக்கு இருக்கத்தான் செய்தது. மின்கட்டண ரசீதில் தவிர வேறெங்கும் அதை யாரும் பார்த்ததில்லை, எல்லாருக்கும் அவன் நக்கல்தான். ஓர் உணவு விடுதியின் அடித்தளத்தில், சமையலறைப் புகைக்குழாய் தலைக்கு மேல் ஓடும் நீள அறையில், சனிக்கிழமை மாலைதோறும் நகைச்சுவைக் கூட்டம் நடக்கும். அங்கே அவன்தான் கடைசி ஆள், அதாவது பெரிய ஆள். அவனுடைய சரக்கு மதம். இந்த மதம் அந்த மதம் என்று பாகுபாடு பார்க்க மாட்டான், எல்லாரையும் சமமாகவே கிழிப்பான். ஆனால் கைக்கு எட்டிய தூரத்தில் இருந்தது அம்மா போகும் அருள் மன்றம். எனவே அதற்குத்தான் அடி அதிகம்.

"மேல எல்லாருக்கும் இடம் இருக்குன்னு எங்கம்மாவோட மன்றத்துல சொல்றாங்க," என்று ஆரம்பிப்பான். "எனக்கு நம்பிக்கை இல்லை. கீழயே எங்கம்மாவுக்கு ரெண்டாவது வரிசையில ஜன்னலோர நாற்காலி கிடைக்கப் பதினாறு வருஷம் ஆச்சு."

கூட்டம் சிரித்து ஓய்ந்ததும் அடுத்தது வரும். மன்றத்து வாசலில் வாராவாரம் பேர் கூப்பிட்டு வருகைப் பதிவு எடுக்கிறார்கள், ஆனால் யாரைப் பார்க்க வந்தார்களோ அவர் பெயரை மட்டும் கூப்பிடுவதே இல்லை என்பான். "பதில் வராட்டி என்ன பண்றதுன்னு பயம்," என்று சொல்லிவிட்டு வாயை இறுக மூடிக்கொள்வான். கண் அறையின் வலது மூலைக்குப் போகும். கை இடது காதைச் சொறியும். அந்த நேரத்தில்தான் அறை வெடிக்கும்.

தொழிலில் இதற்கு இடம் விடுவது என்று பெயர். சொல்வதைச் சொல்லிவிட்டு, சிரிப்பு வந்து உட்காரக் கொஞ்சம் இடம் விட வேண்டும். அவசரக்காரன் இடம் விடாமல் பேசிக்கொண்டே போவான், அவன் ஜோக்குக்கு அவன் மட்டும்தான் சிரிப்பான். இத்தனை வருடத்தில் இடம் விடுவது நக்கலின் எலும்பில் ஊறிப்போயிருந்தது. காய்கறிக்காரரிடம் பேரம் பேசும்போதுகூட, விலையைச் சொல்லிவிட்டு வலது மூலையைப் பார்ப்பான்.

அந்த அடித்தளத்துக்காரர்களுக்குப் பாவ புண்ணியம் எதிலும் நம்பிக்கை கிடையாது, ஒன்றே ஒன்றைத் தவிர. அடுத்தவன் எழுதிய ஜோக்கைச் சொல்வது அங்கே மன்னிக்கவே முடியாத பாவம். ஒல்லியான பையன் ஒருவன் எங்கேயோ கேட்ட ஜோக்கைத் தன்னுடையது போலச் சொல்லி மாட்டிக்கொண்டான். அன்றே அவனுக்கு ஜெராக்ஸ் என்று பெயர் விழுந்தது. கழிவறைக் கதவை ஒட்டி, ஒரு கால் ஆடும் மேசை ஒன்று உண்டு. இனிமேல் அவன் அங்கேதான் உட்கார வேண்டும், யாரும் பக்கத்தில் உட்காரக் கூடாது என்று தீர்ப்பாயிற்று. அதை முன்மொழிந்தவன் நக்கல்தான். நியாயமான தீர்ப்பு என்று இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருந்தான்.

வினை கைப்பேசியில் வந்தது. எவனோ ஒரு ரசிகன் அந்த இரண்டு நிமிடத்தைப் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்ப, அது கை மாறிக் கை மாறி மன்றத்துச் செயலாளரிடம் போய்ச் சேர்ந்தது. செயலாளர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். துக்கச் செய்தி வந்தாலும் முதலில் எழுத்துப்பிழையைத் திருத்திவிட்டுத்தான் வருத்தப்படுவார். அவர் அதைத் தலைவரிடம் காட்டினார். தலைவர் குளியலறைச் சாமான் கடைக்காரர். கண்ணை மூடிப் பிரார்த்தனை செய்துகொண்டிருக்கும்போதே யார் தாமதமாக வருகிறார்கள் என்று சரியாகச் சொல்லிவிடுவார். மன்றத்தார் அதை அருள் என்றார்கள். நக்கல் அதை அரைக்கண் என்றான்.

அடுத்த ஞாயிறு அம்மா வழக்கம்போலக் கைப்பையோடு போய், ரெண்டாவது வரிசை ஜன்னலோரத்தைத் தடவிப் பார்த்தால் அங்கே வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். தலைவரின் மச்சினி. அம்மாவுக்கான நாற்காலி தூணுக்குப் பின்னால் போடப்பட்டிருந்தது. மன்றம் ஒரு காலத்தில் மரச்சாமான் கிடங்கு. அதனால் நட்ட நடுவே இரண்டு ஆள் கட்டிப்பிடிக்கிற அளவுக்கு ஒரு தூண் நிற்கிறது. அதன் பின்னால் உட்கார்ந்தால் சாம்பல் பெயின்டும் தீயணைப்புக் குடுவையும்தான் தெரியும். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான். வாயாடியது மகன், நாற்காலி போனது தாய்க்கு.

ஒரு நாற்காலிக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று நினைக்கலாம். விஷயம் நாற்காலி இல்லை, பக்கத்து நாற்காலி. அதில் உட்காருகிறவர் தையல்காரம்மா. அம்மாவுக்குக் கண் மங்கல், ஆள் நிழலாகத்தான் தெரியும். தையல்காரம்மாவுக்குக் காது மந்தம். தையல்காரம்மா பாட்டுப் புத்தகத்தைப் பார்த்து வரியை எடுத்துக் கொடுப்பார், யார் என்ன புடவையில் வந்திருக்கிறார்கள் என்றும் சொல்வார். அம்மா பிரசங்கத்தைக் கேட்டு, அதன் சாரத்தை இரண்டே வார்த்தையில் அவர் காதில் ஊதுவார். இருவரும் சேர்ந்தால்தான் ஒரு முழு பக்தை. இப்போது ஒருத்தி தூணைப் பார்த்துக்கொண்டும், இன்னொருத்தி தலைவரின் வாயசைவைப் பார்த்துக்கொண்டும் ஆளுக்குப் பாதியாக உட்கார்ந்திருந்தார்கள். மச்சினியோ தையல்காரம்மா பக்கம் திரும்பக்கூட மாட்டாள்.

மூன்று வாரம் தூணோடு குடித்தனம் நடத்திவிட்டு அம்மா போவதையே நிறுத்திவிட்டார். திட்டியிருந்தால் நக்கலுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நல்ல புடவை கட்டிக்கொண்டு, அடுக்களையில் முக்காலி போட்டு உட்கார்ந்து, ஏற்கெனவே உரித்து வைத்திருந்த வெங்காயத்தைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டால், ஒன்றுமில்லை என்றார். கடவுளைப் பார்க்க முடியாத துக்கம் என்றால் அதை வைத்தே ஒரு ஜோக் எழுதியிருப்பான். சிநேகிதியைப் பார்க்க முடியாத துக்கத்தை வைத்து என்ன எழுதுவது? இரண்டு தெரு தள்ளி இருந்த அக்கா தொலைபேசியில் வந்து, நுணலும் தன் வாயால் கெடும், ஆனால் உன் வாயால் அம்மா கெடுகிறாள் என்று நாலு சாத்துச் சாத்தினாள். போய்க் காலில் விழுவாயோ கையில் விழுவாயோ, அடுத்த வாரம் அம்மா ரெண்டாவது வரிசையில் இருக்க வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

போனான். மேடைக்குப் பின்னால் இருந்தது மன்றத்து அலுவலகம். சொட்டுகிற ஏசிக்குக் கீழே ஒரு பச்சை வாளி. சுவர் முழுக்க முன்னாள் தலைவர்களின் படங்கள். வருடம் ஏற ஏறச் சட்டமும் பெரிதாகிக்கொண்டே வந்து, இப்போதைய தலைவரின் படம் ஏறக்குறைய கதவளவு இருந்தது. அந்தப் படத்துக்குக் கீழே அவரே உட்கார்ந்திருந்ததால், ஒருவரையே இரண்டு முறை வணங்க வேண்டியதாயிற்று.

"தம்பி, எங்களுக்கு உன் மேல கோபமே கிடையாது," என்றார் தலைவர். "அம்மாவுக்கு இடம் மாத்தினது தண்டனையும் இல்லை. தனிமையில தியானம் நல்லா வரும்."

அப்படியானால் உங்கள் மச்சினிக்குத் தியானம் வேண்டாமா என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. நக்கல் அதை விழுங்கினான். வாழ்க்கையில் அவன் விழுங்கிய முதல் ஜோக் அதுதான், மீன்முள் மாதிரி தொண்டையில் நின்றது. அம்மாவின் முக்காலி ஞாபகத்துக்கு வர, கையைக் கட்டிக்கொண்டு நின்றான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே.

நிபந்தனை எளிமையானது. மன்ற விதிப்படி, குற்றம் செய்தவர் முழுச் சபையின் முன்னால் மன்னிப்பை வாசிக்க வேண்டும். வாசகத்தைச் செயலாளர் எழுதித் தருவார். ஓர் எழுத்தைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. நக்கல் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். செயலாளர் அந்த வாரம் முழுவதும் அகராதியும் கையுமாக உட்கார்ந்து, முற்றுப்புள்ளிக்குக்கூட மெருகேற்றி, ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தார். நக்கல் அதை வீட்டில் உட்கார்ந்து அக்காவுக்குத் தொலைபேசியில் முணுமுணுவென்று படித்துக் காட்டினான். அவளுக்குக் கொட்டாவி வந்தது. கொட்டாவி வந்தால் சரியான மன்னிப்புதான், ஒரு வார்த்தை சேர்த்தாயென்றால் அம்மா முகத்தில் விழிக்காதே என்றாள். சேர்க்க மாட்டேன் என்று அவன் சத்தியம் செய்தான். எதன் மேல் சத்தியம் செய்வது என்று தெரியாமல், நீலச் சட்டையின் மேல் செய்தான்.

ஞாயிறு வந்தது. வாசலில் பேர் கூப்பிட்டார்கள், அவனும் உள்ளேன் என்றான். அம்மா வழக்கமான புடவையில் வந்து, ஒரு வார்த்தை பேசாமல் தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். மேடையிலிருந்து பார்த்தபோது அவருடைய ஒரு முழங்காலும் கைப்பையின் காதும் மட்டும் தெரிந்தன. ரெண்டாவது வரிசையில் மச்சினி, அவளுக்குப் பக்கத்தில் கழுத்தை நீட்டிக்கொண்டு தையல்காரம்மா. மண்டபம் நிறைந்திருந்தது. மன்னிப்பு என்றால் கூட்டம் வரும்.

நல்லபடியாகவே வாசிக்க வேண்டும் என்றுதான் நக்கல் மைக் முன்னால் போய் நின்றான், அதில் பொய்யில்லை. ஆனால் கை தானாகப் போய் மைக்கை மூன்று தட்டுத் தட்டியது. அவ்வளவுதான், உடம்பு வேலைக்குக் கிளம்பிவிட்டது.

"எல்லையற்ற பொறுமையும் அளவற்ற அன்பும் கொண்ட நமது மன்றத்தினர், எனது இரண்டு நிமிடப் பேச்சைக் கேட்ட மாத்திரத்தில் கடுஞ்சினம் கொண்டார்கள்," என்று வாசித்தான். முற்றுப்புள்ளி வந்தது. வாய் மூடியது. கண் வலது மூலைக்குப் போனது, கை இடது காதைச் சொறிந்தது.

அந்த இடைவெளியில் தையல்காரம்மாவின் குரல் கணீரென்று எழுந்தது. காது மந்தமானவர்களுக்குத் தங்கள் குரல் மெல்லியது என்றொரு எண்ணம்.

"என்னவாம்?"

மச்சினி நேராகப் பார்த்தபடி கல்லாக உட்கார்ந்திருந்தாள். தையல்காரம்மா தூணைப் பார்த்துத் திரும்பி, உன் பையன் என்ன சொல்கிறான் என்று இன்னும் சத்தமாகக் கேட்டார். இத்தனை வருடப் பழக்கம் தூணையெல்லாம் பார்க்குமா? பின்னாலிருந்து அம்மாவின் பதில் உரக்க வந்தது.

"ரொம்பப் பொறுமைசாலிங்களாம். ரெண்டு நிமிஷத்துல கோபம் வந்துடுச்சாம்."

கடைசி வரிசையில் யாரோ இருமினார்கள். இருமல் மாதிரித்தான் இருந்தது. நக்கல் பதறிப்போய்த் தாளில் கண்ணைப் புதைத்து அடுத்த வரிக்குப் போனான்.

"எந்தப் புயலாலும் அசைக்க முடியாத நமது நம்பிக்கை, எனது நகைச்சுவையினால் அடியோடு ஆட்டம் கண்டுவிட்டது."

இடம் விடாதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சொல்லிக்கொண்டிருக்கும்போதே கை காதுக்குப் போய்விட்டது.

"என்னது?" என்றார் தையல்காரம்மா.

"புயலுக்கே ஆடாததாம். இவன் ஜோக்குக்கு ஆடிப்போச்சாம்."

சொன்ன கையோடு தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. குக்கர் விசில் அடிப்பதற்கு முன்னால் உஸ் உஸ்ஸென்று முனகுமே, அந்தச் சத்தம். நக்கலுக்கு அது யார் சிரிப்பு என்று உடனே தெரிந்தது. அப்பா போன பிறகு அந்தச் சிரிப்பை அவன் கேட்டதில்லை. மேடையில் எத்தனை கைதட்டல் வாங்கியிருக்கிறான், அந்த முனகலுக்குக் கால் தூசி பெறாது. கண் கலங்கி எழுத்து மங்கியது. அதனால் இன்னும் நிதானமாக வாசித்தான், அது இன்னும் கெடுதலாகப் போயிற்று.

"இறைவன் முன் யாவரும் சமம் என்பதை இன்று நான் உளமார உணர்ந்துகொண்டேன். எனவே என் தாயாரை மீண்டும் இரண்டாம் வரிசைக்கு உயர்த்துமாறு தலைவர் அவர்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்."

இப்போது அம்மா சொல்வதற்காக மண்டபமே காத்திருந்தது. அம்மாவுக்கும் அது தெரிந்துவிட்டது.

"எல்லாரும் சமமாம்டி. அதனால ரெண்டாவது வரிசை வேணுமாம்."

மண்டபம் உடைந்தது. பாட்டுக்காரர்கள் புத்தகத்தை முகத்தில் வைத்து மறைத்துக்கொண்டு குலுங்கினார்கள். வருகைப் பதிவு எடுப்பவர் சுவரில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார். செயலாளர் மட்டும் எழுந்து நின்று, ஒரு சொல்லும் மாற்றவில்லை, அத்தனையும் நான் எழுதியதுதான் என்று தலைவரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார், அது அவருக்கு ஆதரவாகவா எதிராகவா என்று தெரியாமலே. கடைசி வரி ஒன்று பாக்கி இருந்தது. ஒரு எழுத்தும் குறைக்கக் கூடாது என்பது நிபந்தனை ஆயிற்றே. நக்கல் அதையும் வாசித்தான்.

"இம்மன்னிப்பு, செயற்குழுவின் தீர்மானப்படி, எவருடைய வற்புறுத்தலுமின்றி என் சொந்த விருப்பத்தின் பேரில் வாசிக்கப்படுகிறது."

இதற்கு அம்மா ஒன்றுமே சொல்லவில்லை, தேவைப்படவும் இல்லை. அவன் வாயசைவைப் பார்த்திருந்த தையல்காரம்மாவே, எனக்கே புரிஞ்சுபோச்சு என்றார்.

தலைவர் மைக்கைப் பிடுங்கி, முதலில் சிரித்தது யார் என்று முழங்கினார். ஒலிபெருக்கியில் அந்தக் கேள்வி எதிரொலித்ததும் இன்னொரு அலை கிளம்பியது. அதோடு அன்றைய பிரார்த்தனை முடிந்தது.

அலுவலகத்தில் பச்சை வாளிக்கு இந்தப் பக்கம் நக்கலும், அவன் பின்னாலேயே ஓடி வந்த அக்காவும், அம்மாவும், அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு தையல்காரம்மாவும். அந்தப் பக்கம் செயற்குழு. நக்கல் மென்று விழுங்கி, வேண்டுமென்று செய்யவில்லை ஐயா, பழக்கதோஷம் என்றான். மூடநம்பிக்கைக்குச் சொல்லும் அதே பதில், யாரும் கேட்கிற நிலையில் இல்லை. அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். எல்லாம் போயிற்று, இனி தூணுக்குப் பின்னால்கூட இடம் கிடையாது, தெருதான் என்று அவனுக்கு உறுதியாகத் தெரிந்தது. அம்மாவைப் பார்க்கவே பயமாக இருந்தது.

"சிரிச்சது நான்தான்," என்றார் அம்மா. "முதல்ல சிரிச்சதும் நான்தான். பையனை விட்டுடுங்க."

தலைவர் விதியை எடுத்துச் சொன்னார். சபையில் ஒழுங்கைக் குலைத்தவர் யாராயிருந்தாலும் சபையிலேயே மன்னிப்பு வாசித்தாக வேண்டும். இல்லையென்றால் நீக்கம்.

"வாசிக்கிறேங்க. செயலாளர் ஐயா எழுதிக் கொடுக்கட்டும்," என்றார் அம்மா, பவ்யமாக. "எனக்குக் கண்ணு தெரியாது, அதனால தையல்காரம்மா படிப்பா. அவளுக்குக் காது கேக்காது, தான் என்ன படிச்சோம்னே அவளுக்குத் தெரியாது. ஒவ்வொரு வரிக்கும் நான் சத்தமா எடுத்துச் சொல்லிடறேன். அடுத்த வாரமே வெச்சுக்கலாங்க."

ஏசி வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது. செயலாளர் கடமை தவறாதவர், பேனாவை எடுத்து, 'அமைதியின் உறைவிடமான நமது மன்றத்தில்' என்று எழுதினார். எழுதியவர் நின்றார். அந்த வரிக்குப் பின்னால் வரப்போகும் இடைவெளி அவர் காதிலேயே விழுந்துவிட்டது. அடித்துவிட்டு, 'கட்டுப்பாட்டுக்குப் பெயர் போன' என்று எழுதினார். அதையும் அடித்தார். முப்பது வருடம் ஊருக்கு எழுத்துப்பிழை திருத்தியவருக்கு, வாழ்நாளில் முதல் தடவையாகத் தன் எழுத்தைப் பார்த்தே பயம் வந்தது. தாளைக் கசக்கி வாளியில் போட்டார்.

தலைவர் திரும்பித் தன் படத்தைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, அம்மா தனிமைத் தியானத்தை வெற்றிகரமாக நிறைவு செய்துவிட்டதால், அடுத்த வாரத்திலிருந்து பழைய இடத்துக்கே திரும்பலாம் என்று அறிவித்தார். மச்சினிக்கு மூன்றாவது வரிசை. மன்னிப்பு வாசிக்கும் விதி மறுபரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்படும்.

வீட்டுக்கு நடக்கும்போது நக்கலுக்குக் கால் தரையில் பாவவில்லை. அம்மாவை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, பார்த்தாயா, இத்தனை வருடம் என் நிகழ்ச்சிக்கு வராமலே இருந்தாயே, இன்றைக்கு எப்படிச் சிரித்தாய் என்று விட்டுவிடாமல் கேட்டான். செயலாளர் ரொம்ப நன்றாக எழுதியிருந்தார் என்றார் அம்மா.

"நான் படிச்சது நல்லா இல்லையா?"

"நீ படிக்கத்தானேடா செஞ்சே."

அது அவனுக்குள் போய்ச் சேரவில்லை. அடுத்த சனிக்கிழமையே அந்த மன்னிப்பை அடித்தளத்தில் அரங்கேற்றினான். மைக்கை மூன்று தட்டு, அதே நீலச் சட்டை. எழுதிக் கொடுத்த வாசகத்தை ஓர் எழுத்துக் குறையாமல் வாசித்து, அம்மாவின் பதில்களையும் அம்மாவின் குரலிலேயே சொன்னான். புகைக்குழாய் அதிர்ந்தது. சக கலைஞர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். பெருமைக்காக அம்மாவையும் தையல்காரம்மாவையும் அவனே அழைத்து வந்து முன்வரிசையில் உட்கார வைத்திருந்தான். தையல்காரம்மா மேடையைப் பார்த்தார், பிறகு அறையைச் சுற்றிப் பார்த்தார், வழக்கம்போல அம்மாவுக்குச் செய்தி சொன்னார். கழிவறைப் பக்கத்தில் ஒரு பையன் தனியாக உட்கார்ந்திருக்கிறான், பக்கத்தில் மூன்று நாற்காலி காலி, எல்லாரும் நின்றுகொண்டிருக்கிறார்கள், ஆனால் அங்கே ஒருவரும் போகவில்லை.

நிகழ்ச்சி முடிந்து, முகம் முழுக்கச் சிரிப்போடு நக்கல் இறங்கி வந்தான். அவனைச் சுற்றிக் கூட்டம் நின்றது.

"அந்தத் தம்பி ஏன் தனியா உட்கார்ந்திருக்கு?" என்று கேட்டார் அம்மா.

"அவனா? அவன் ஜெராக்ஸ்மா. அடுத்தவன் எழுதினதைத் தான் எழுதின மாதிரி மேடையில சொன்னான். எங்க தொழில்ல அது பெரிய பாவம்."

எத்தனை நாளாக என்று அம்மா கேட்டார். இரண்டு வருடம் என்றான். அங்கே உட்கார வைத்தது யார் என்றார். எல்லாரும் சேர்ந்துதான் என்று இழுத்தான். பின்னாலிருந்து ஒருவன், முன்மொழிந்ததே நம்ம நக்கல் அண்ணன்தான்மா என்று பெருமையாக எடுத்துக் கொடுத்தான். பையன் மன்னிப்புக் கேட்டானா என்றார் அம்மா. கேட்டான் என்றான் நக்கல்.

"சரி," என்றார் அம்மா. "இப்ப நீ மேடையில சொன்னியே, அது யார் எழுதினது?"

நக்கல் வாயைத் திறந்தான். செயலாளர் எழுதியது. பதில்கள் அம்மாவுடையவை. திறந்த வாய் அப்படியே மூடிக்கொண்டது. கண் வலது மூலைக்குப் போனது. அங்கேதான் ஜெராக்ஸ் உட்கார்ந்திருந்தான், இத்தனை நாளும் அந்த மூலையைப் பார்த்தும் அவனைப் பார்த்ததில்லை. கை இடது காதைச் சொறிந்தது. அறை முழுவதும் அமைதியாகிவிட்டது.

அம்மா தையல்காரம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கழிவறைப் பக்கம் நடந்தார். மேசையைத் தடவி, காலியாக இருந்த நாற்காலியை இழுத்து, ஜெராக்ஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார்.

"என்னவாம்?" என்று கணீரென்று கேட்டார் தையல்காரம்மா.

"ஒண்ணுமில்லை. இங்கயும் ஒரு தூண் இருக்குடி," என்றார் அம்மா. "வா, வந்து உட்காரு."

அடித்தளமே குலுங்கச் சிரித்தது. ஜெராக்ஸும் சிரித்தான். நக்கல் ஒருவன் மட்டும் காதில் வைத்த கையை எடுக்காமல் நின்றான். அந்தச் சிரிப்புக்கு இடம் விட்டவன் அவன்தான்.